உலைக்குப் போகும் வெள்ளிக் கிண்ணங்கள்

வெள்ளியின் விலை ஏறும் காலங்களில் நமது ஊர் நகைக் கடைகளில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். புதிய வெள்ளி வாங்குவதற்காகச் சிலர் உள்ளே போகிறார்கள். அதே வாசல் வழியாகப் பழைய வெள்ளியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேறு சிலரும் போகிறார்கள். 2025ஆம் ஆண்டில் வெள்ளி விலை அதற்கு முன் என்றும் எட்டாத உச்சத்தை எட்டிற்று. பரணில் தூங்கிய பெட்டிகளைத் திறந்து பார்க்கும் ஆசை பலருக்கு அப்போது உண்டானதில் ஆச்சரியமில்லை.

கடைக்காரர் மூட்டையை அவிழ்க்கிறார். டம்ளர், குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், குழந்தையின் பால் சங்கு எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைக்கிறார். தராசுக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். நம் பாட்டியின் காலத்தில் ஒரு பத்தர் பல நாள் உட்கார்ந்து தட்டி எடுத்த கிண்ணமும், போன மாதம் இயந்திரம் அச்சில் அடித்துத் தள்ளிய கிண்ணமும் அதற்கு ஒரே சரக்கு. பேரம் முடிந்து, பணம் கைமாறி, கிண்ணம் உருக்குகிறவரிடம் போய்ச் சேருகிறது. 962 டிகிரி உஷ்ணத்தில் சுத்த வெள்ளி உருகிவிடும். செம்பு கலந்த நம் வீட்டுக் கிண்ணத்துக்கு அவ்வளவு சூடுகூட வேண்டியதில்லை. அப்புறம் மிஞ்சுவது ஒரு கட்டி.

பழைய வெள்ளிக் கிண்ணங்களைத் தேடிச் சேர்ப்பது சீமான்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். நமது அபிப்பிராயம் வேறு. மத்தியதரக் குடும்பங்களே இதைச் செய்ய வேண்டும். அவர்களால்தான் இதைச் செய்யவும் முடியும். ஏன் என்பதைச் சற்று விவரமாகவே சொல்லுகிறோம்.

நம் வீட்டுக் கிண்ணங்கள்

கிண்ணம் என்று ஒரே பெயரால் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. குழந்தைக்கு முதல் சோறு ஊட்டும் கிண்ணம் சிறியது. அடி அகலமாக இருப்பதால் குழந்தை கை பட்டாலும் எளிதில் கவிழாது. உதட்டில் உறுத்தாதபடி விளிம்பை மழுங்கலாக உருட்டி விட்டிருப்பார்கள். கல்யாண வீட்டின் வாசலில் பன்னீர்ச் செம்புக்குத் துணையாக வைக்கும் சந்தனக் கிண்ணம் ஒரு காலின்மேல் தாமரைபோல் விரிந்து நிற்கும். பூஜையறைக்குப் பஞ்சபாத்திரமும் உத்தரணியும். மாப்பிள்ளைக்குச் சீர் வைத்த வெள்ளித் தட்டைச் சுற்றிப் பாயசத்துக்கும் தயிருக்கும் தனித்தனிக் கிண்ணங்கள். பழைய வீடுகளில் வட்டில், கும்பா என்ற பெயர்களையும் கேட்கலாம்.

இவற்றில் பெரும்பாலானவை வேலைப்பாடு இல்லாத வெறும் கிண்ணங்கள். விளிம்பில் இரண்டு கோடு, அடியில் ஒரு வளையம், அவ்வளவுதான். ஆனால் அவற்றில் ஒரு விசேஷம் உண்டு. கிண்ணத்தைத் திருப்பிப் பாருங்கள். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துக்கள் இருக்கும். ஊரின் முதலெழுத்து, தகப்பனாரின் முதலெழுத்து, பிறகு பெயர், சிலவற்றில் தேதி, சிலவற்றில் எடை. பாத்திரத்தில் பெயர் வெட்டுவது தமிழ்நாட்டில் வெகு சாதாரணமான பழக்கமாதலால் நாம் அதை லட்சியம் செய்வதில்லை. ஒரு குடும்பத்தின் பெண்களைப் பற்றி எழுத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் சில வீடுகளில் இந்தப் பாத்திரங்களேயாகும். பத்திரம் பாட்டனார் பெயரில் இருக்கும். பட்டா மாமாவின் பெயரில் இருக்கும். பாட்டியின் பெயரோ கிண்ணத்தின் அடியில் இருக்கும்.

ரூபாய் கிண்ணமான விதம்

இந்தக் கிண்ணங்களுக்கு வெள்ளி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ரூபாய் நாணயத்திலிருந்தே வந்தது.

1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரூபாயின் எடை 180 கிரெயின். அதாவது ஒரு தோலா. நமது கணக்கில் 11.66 கிராம். அதில் 12 பங்குக்கு 11 பங்கு சுத்த வெள்ளி. மூன்று தோலா ஒரு பலம் என்பதும், நாற்பது பலம் ஒரு வீசை என்பதும் நம் முன்னோருக்கு மனப்பாடம். ஆகவே கிண்ணம் வேண்டுமென்று நினைத்த குடும்பத்தார், இருபது ரூபாயை எண்ணிப் பத்தரிடம் கொடுத்து, அவர் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுவார்கள். இருபது ரூபாய் எடைக் கிண்ணம் என்றால் சுமார் 233 கிராம். அதில் சுத்த வெள்ளி சுமார் 214 கிராம். தரத்துக்கு உத்தரவாதம் அரசாங்கத்தாரின் தலை பொறித்த அந்த நாணயந்தான். வேறு முத்திரை எதற்கு? பழைய தமிழ்நாட்டு வெள்ளியில் தர முத்திரை அநேகமாக இல்லாதிருப்பதன் காரணம் இதுவே. முத்திரை இல்லை என்பதற்காக அதை மட்டமான வெள்ளி என்று எண்ணிவிடலாகாது.

அக்காலத்தில் கிண்ணம் ஒரு சேமிப்பாகவும் இருந்தது. வெள்ளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நாணயச் சாலையார் ரூபாயாக அடித்துக் கொடுப்பார்கள். 1893இல் சர்க்கார் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ரூபாயின் மதிப்பு ஒரு பக்கமும், வெள்ளியின் விலை வேறு பக்கமுமாகப் பிரிந்து போயின. வெள்ளியாகவே சேமித்து வைத்திருந்த ஏழை எளியவர்களின் சேமிப்பு, அவர்கள் அறியாமலே இளைத்தது. 1940இல் ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. பழைய ரூபாய்க் கிண்ணம் ஒவ்வொன்றும் இந்தச் சரித்திரத்தைத் தாங்கி நிற்கிறது என்பதை நினைத்தால், அதை இன்னும் சற்று மரியாதையுடன் கையில் எடுக்கத் தோன்றும்.

தட்டி எடுத்த கிண்ணம்

பத்தர் ரூபாயை மூசையிலிட்டு உருக்குவார். கட்டியைத் தட்டித் தகடாக்குவார். தகட்டை வட்டமாக வெட்டி, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் அடித்து வர, தகடு மெள்ள மெள்ளக் குழிந்து எழும்பும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் விரிந்து கிழியும். ஆதலால் அவ்வப்போது நெருப்பில் காய்ச்சி இளக்கி, மறுபடியும் அடிக்க வேண்டும். ஒரு கிண்ணம் உருவாவதற்குள் அது எத்தனையோ தடவை நெருப்பைப் பார்த்துவிடும்.

நகாசு வேலை வேண்டுமானால் இன்னும் பாடு அதிகம். கிண்ணத்துக்குள் அரக்கைக் காய்ச்சி ஊற்றி ஆறவிடுவார்கள். உளியின் அடியைத் தாங்கவும் வேண்டும், அடிக்கு இணங்கவும் வேண்டும். அந்த இரண்டு குணமும் அரக்குக்கு உண்டு. அதன்மேல் சிறு உளிகளால் கொடியும் பூவும் யாளியும் எழும்பும்படி தட்டுவார்கள். வெட்டி எடுப்பது சொற்பம். தள்ளியும் அமுக்கியும் உருவாக்குவதே அதிகம். தஞ்சாவூர்த் தட்டில் வெள்ளித் தகட்டின்மேல் தெய்வ உருவங்கள் எழுந்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆதாரமான வித்தையும் இதுதான்.

கையால் தட்டிய கிண்ணத்தை அறிந்துகொள்வது கடினமன்று. விளக்கின் எதிரே சாய்த்துப் பிடித்தால், சுத்தியல் பட்ட இடங்கள் நீரலைபோல் லேசாகத் தெரியும். விளிம்பின் கனம் எங்கும் ஒரே அளவாக இராது. கடைசல் இயந்திரத்தில் சுழற்றிச் செய்ததானால், உட்புறத்தில் ஒரே மையத்தைச் சுற்றி மெல்லிய வட்டக் கோடுகள் ஓடும். அச்சில் அடித்ததில் பூவேலையின் ஓரங்கள் மழுங்கி, ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் மயிரிழை வித்தியாசமும் இராது. பத்தர் தட்டிய இரண்டு பூக்கள் ஒருநாளும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

பெயர் பெற்ற மூன்று வகை

இந்திய வெள்ளியைச் சேர்க்கும் உலகத்து ரசிகர்கள் பெரிதும் நாடுவது மூன்று வகை. நமது வீட்டுக் கிண்ணத்தின் நிலையை உணர அவற்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, சென்னையின் ‘சுவாமி வெள்ளி’. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புகழடைந்தது. கோயில் மாடங்களில் இருப்பதுபோலத் தெய்வ உருவங்கள் வரிசையாகக் கிண்ணத்தைச் சுற்றி எழும்பி நிற்கும். மவுண்ட் ரோடு பி. ஆர். அண்டு ஸன்ஸ் கம்பெனியார் இவ்வேலைக்குப் பெயர்போனவர்கள். அவர்களுடைய சரக்கில் கம்பெனிப் பெயரே முத்திரையாக இருக்கும். பிற்காலத்தில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875-76இல் இந்தியாவுக்கு வந்து பெற்றுச் சென்ற பரிசுகள் 1878ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. இந்தியக் கைவேலையின்மேல் ஐரோப்பியருக்கு அப்போது மோகம் பிறந்தது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கிருஷ்ணனும் முருகனும் சூழ்ந்து நிற்கும் கிண்ணத்தில் துரைமார் சர்க்கரை வைத்துத் தேநீர் அருந்தினார்கள். அந்தக் கிண்ணத்தைச் செய்த பத்தரின் வீட்டிலோ அதை எச்சில் படும் காரியத்துக்கு எடுக்கவே மனம் துணியாது. சுவாமி வெள்ளியைச் செய்த கை நமது கை. அதை வாங்கிய கண் அவர்கள் கண்.

இரண்டாவது, கட்சு நாட்டு வெள்ளி. புஜ் நகரத்து ஊமர்ஸி மாவ்ஜி என்ற சிற்பியின் பெயர் இதில் தலைசிறந்தது. ‘ஓ.எம்.’ என்ற ஆங்கில எழுத்துக்களும் ‘புஜ்’ என்ற ஊர்ப் பெயரும் பொறித்த பாத்திரம் என்றால் ரசிகர்கள் போட்டி போடுவார்கள். இடைவெளி இல்லாமல் கொடி சுருண்டு சுருண்டு ஓடும். உற்றுப் பார்த்தால் கொடிக்குள் மானும் புலியும் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, பர்மாவின் கிண்ணம். பிக்ஷுக்களின் திருவோட்டின் உருவத்தைத் தழுவியது. ஜாதகக் கதைகளும் இராமாயணக் காட்சிகளும் விரற்கடை கனத்துக்கு எழும்பினாற்போலத் தட்டப்பட்டிருக்கும். அடிப்புறத்தில் மயிலோ மானோ வேறு உருவமோ பொறித்திருப்பதும் உண்டு. பர்மாவில் லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கிருந்து தேக்கு மரத்தைக் கொண்டுவந்து வீடு கட்டியது யாவருக்கும் தெரியும். 1942இல் ஜப்பானியர் படையெடுத்தபோது தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பி வந்தார்கள். உங்கள் வீட்டில் பர்மியக் கிண்ணம் ஒன்று இருக்குமானால், அது எந்த வழியாக வந்தது என்று பெரியவர்களை உடனே கேட்டு வையுங்கள். தெரிந்தவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

இவை தவிரக் காஷ்மீரத்தின் கொத்துமல்லி இலை வேலை, லக்னோவின் பனைமரமும் வேட்டைக் காட்சியும், கட்டாக்கின் வெள்ளிக் கம்பி வேலை என்று இன்னும் பல உண்டு.

இவையெல்லாம் லண்டன் மாநகரத்து விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலை போன்ற இடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஏலக் கம்பெனிகள் படம் போட்டு விற்கின்றன. அவற்றை உருக்க யாரும் துணியமாட்டார்கள். வேலைப்பாட்டுக்கு உள்ள விலை வெள்ளியின் விலையைப்போல் பல மடங்கு. ஆனால் அடியில் பெயர் வெட்டிய வெறும் கிண்ணத்துக்குச் சந்தையில் ரசிகர் எவரும் இல்லை. காட்சிசாலை அதைக் கேட்பதில்லை. ஏலக் கம்பெனி அதைத் தொடுவதில்லை. அதற்கு இருக்கும் ஒரே காட்சிசாலை அந்தக் குடும்பந்தான். குடும்பம் கைவிட்டால் அதன் கதி மூசை என்பது நிச்சயம். மத்தியதரக் குடும்பங்களே இதைச் செய்ய வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

கொழும்பில் 1877இல் பிறந்த தமிழர் மகனான ஆனந்த குமாரசுவாமி, இந்தியக் கைவினைஞரைப் பற்றி 1909இல் ஒரு தனி நூல் வெளியிட்டார். கைத்தொழிலை அதை ஆதரித்த சமூகத்தின் வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்பது அவர் வற்புறுத்திய விஷயங்களில் ஒன்று. துரைமாரின் மேஜைக்காகச் செய்தது மட்டும் மிஞ்சி, நம் குழந்தைகளின் வாய்க்காகச் செய்தது அழிந்துபோனால், பின்வரும் சந்ததியார் நமது பத்தர்களைப் பற்றி என்ன தெரிந்துகொள்வார்கள்?

வாங்கும்போது ஏமாறாதிருக்க

வீட்டில் இருப்பதைக் காப்பாற்றியபின், மேலும் ஒன்றிரண்டு சேர்க்க விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்லுகிறோம்.

‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளி ஒரு குன்றுமணிகூடக் கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம் அது. இங்கிலாந்தில் எல்கிங்டன் கம்பெனியார் 1840இல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசும் முறைக்கு உரிமை பெற்றார்கள். அப்புறம் நிக்கல் கலப்பு உலோகத்தின்மேல் முலாம் பூசிய சாமான்கள் உலகெங்கும் பரவின. அடியில் ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் அது முலாம் சரக்கு. எழுத்து இருக்கிறதே என்று மயங்கி, வெள்ளி விலை கொடுத்துவிடாதீர்கள். விளிம்பும் அடியும் தேய்ந்த இடங்களில் உள்ளே மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ எட்டிப் பார்த்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

இங்கிலாந்தில் செய்த வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் உருவம் இருந்தால், ஆயிரத்துக்கு 925 பங்கு தரமுள்ளது என்று பொருள். சிறுத்தை முகம் லண்டனையும், நங்கூரம் பர்மிங்காமையும் குறிக்கும்; பக்கத்திலுள்ள தனி எழுத்திலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். நம் நாட்டிலோ வெள்ளிக்குத் தர முத்திரை இடும் ஏற்பாட்டை இந்தியத் தர நிர்ணயத்தார் 2005ஆம் ஆண்டில்தான் தொடங்கினார்கள். ஆகையால் பழமையானது என்று சொல்லி விற்கும் கிண்ணத்தில் அந்த முத்திரை பளிச்சென்று இருந்தால், கிண்ணத்தின் வயது உங்களுக்கே விளங்கிவிடும்.

தரத்தைச் சோதிக்க அரத்தால் ராவவும், திராவகம் விடவும் இடம் கொடுக்க வேண்டாம். எக்ஸ் கதிர்க் கருவியில் கிண்ணத்தை வைத்துக் காயம் படாமல் தரம் சொல்லும் நிலையங்கள் இப்போது இருக்கின்றன. அது மேற்பரப்பின் தரத்தையே சொல்லுமாதலால், முலாமோ என்று ஐயமிருந்தால் எடையையும் பாருங்கள். சுத்த வெள்ளி தண்ணீரைப்போல் ஏறக்குறையப் பத்தரை மடங்கு கனம். பித்தளையும் ஜெர்மன் சில்வரும் எட்டரை மடங்குக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும். 210 கிராம் கிண்ணம் நல்ல வெள்ளியானால், நீரில் முழுகும்போது சுமார் 20 மில்லி நீரையே ஒதுக்கும். 24, 25 என்று ஒதுக்கினால் வியாபாரியிடம் விடை பெற்றுக்கொள்ளலாம்.

பிறகு கிண்ணத்தின் உடம்பைப் பாருங்கள். அடிப்புறத்தைக் கட்டை விரலால் மெள்ள அழுத்தினால் ஓரிடம் மட்டும் மெலிந்து கொடுக்கிறதா? யாருடைய பெயரையோ ராவி அழித்திருப்பார்கள். வாயால் ஊதி ஆவி படியச் செய்தால், பொடி வைத்து ஊதி ஒட்டிய தழும்புகள் சில சமயம் வெளிப்படும். ஈயம் வைத்துப் பற்றிய கிண்ணத்தைத் தவிர்ப்பது நலம். மறுபடி நெருப்பில் காட்டினால் ஈயம் வெள்ளியை அரித்துவிடும். சிறு சொட்டை குற்றமன்று.

விலை பேசும்போது வெள்ளியின் விலை எவ்வளவு, வேலைக்காக வைத்த விலை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நீங்களும் தயங்கலாம். கண்டதையெல்லாம் சேர்க்காமல் ஒரு வகையைப் பிடித்துக்கொள்வது நல்லது. சந்தனக் கிண்ணம் மட்டும், அல்லது குழந்தைக் கிண்ணம் மட்டும், அல்லது உங்கள் ஜில்லாவில் செய்தவை மட்டும் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு ஒன்று வாங்கினாலும் பத்து வருஷத்தில் பார்க்கத் தக்க தொகுதி அமைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள கலைப் பொருள்களைத் தனி மனிதர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாகாது. அவற்றை வியாபாரம் செய்வதற்கும் லைசென்சு வேண்டும். சீமையிலுள்ள பெண்ணுக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

துலக்குவது எப்படி?

காற்றிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். முட்டை, வெங்காயம், ரப்பர் வளையம், அச்சு மை ஏறிய பத்திரிகைத் தாள் ஆகியவை சீக்கிரம் கறுப்பேற்றும். நமது பத்திரிகையில் எத்தனை அபிமானம் இருந்தாலும், வெள்ளியைச் சுற்ற மட்டும் அதை உபயோகிக்க வேண்டாம்! துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தி வேஷ்டித் துண்டே உத்தமம். உப்பு வெள்ளியை அரிக்கும். ஊறுகாயும் உப்பும் வெள்ளிக் கிண்ணத்தில் தங்கலாகாது. அதற்காகவே ஆங்கிலேயர் உப்புக் கிண்ணங்களின் உட்புறத்துக்குத் தங்க முலாம் பூசினார்கள்.

துலக்குவதற்கு நம் வீட்டுப் பூந்திக்கொட்டை நீரே மிருதுவானது. சலித்த விபூதியால் துடைப்பதும் பழைய வழக்கம். ஆனால் தினமும் தேய்த்தால் எதுவும் தேயும். பல் துலக்கும் பசை வேண்டாம். அதிலுள்ள பொடி கீறும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் வெந்நீரும் சேர்த்து முக்கினால், கறுப்பு மாயமாய்ப் போகும் என்பது உண்மையே. வெறும் கிண்ணத்துக்கு அது சரி. நகாசு வேலைக் கிண்ணத்திலோ பள்ளங்களில் தங்கிய கறுப்புத்தான் கொடியையும் பூவையும் எடுத்துக் காட்டுகிறது. அதையும் போக்கிவிட்டால் வேலைப்பாடு வெளிறிப் போகும். கடையில் பாலிஷ் சக்கரத்தில் கொடுப்பது எல்லாவற்றிலும் மோசம்; ஒவ்வொரு தடவையும் வெள்ளியையும் பெயர் எழுத்தையும் சேர்த்து அது உரித்தெடுக்கிறது.

எல்லாவற்றிலும் மேலான பாதுகாப்பு, கிண்ணத்தை உபயோகிப்பதுதான். தினம் புழங்கிக் கழுவித் துடைக்கும் வெள்ளி அதிகம் கறுப்பதில்லை.

மாற்றுவதற்கு முன்

உருக்குவது புதிய வழக்கமன்று. பிரான்சு தேசத்துப் பதினாலாம் லூயி, வெர்சேல்ஸ் அரண்மனையை அலங்கரித்த வெள்ளி மேஜைகளையும் ஜாடிகளையும் 1689இல் யுத்தச் செலவுக்காக உருக்கிவிட்டான். படத்தில் மட்டுமே இன்று அவற்றில் பலவற்றைக் காணலாம். 1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததால் அவுன்சு விலை 50 டாலரை நெருங்கியபோது, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரம்பரைப் பாத்திரங்கள் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. இரண்டே மாதத்தில் விலை சரிந்தது. பாத்திரங்கள் திரும்பி வரவில்லை.

பணமுடை வந்த குடும்பம் வெள்ளியை விற்பதை நாம் குறை சொல்லமாட்டோம். பிள்ளையின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் உதவாத வெள்ளி வேறு எதற்கு? அந்த நாளுக்காகவும்தான் முன்னோர் அதைச் சேர்த்து வைத்தார்கள். ஆனால் பழையதைப் போட்டுப் புதியது வாங்குவது வேறு காரியம். பழையதற்கு எடையில் கழிவு. புதியதற்குச் செய்கூலி, சேதாரம், வரி. கனமான கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு லேசான கிண்ணத்தோடு வீடு திரும்பும் வியாபாரம் இது. பளபளப்புக்காக இந்த நஷ்டம் எதற்கு?

விற்றே தீரவேண்டுமானால், முதலில் கட்டியையும் காசையும் விற்போம். பிறகு அச்சில் அடித்த புதிய சாமான்களை. பெயர் வெட்டிய கிண்ணம் கடைசியில். அதையும் விற்கும்படி நேர்ந்தால், உறவினருக்குள் யாராவது அதே விலைக்கு எடுத்துக்கொள்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்போம். கைபேசியில் ஒரு படமாவது பிடித்து வைப்போம்.

வருகிற நவராத்திரிக்குப் பெட்டியைத் திறக்கும்போது ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு பக்கம் போதும். எடை எவ்வளவு, அடியில் என்ன எழுத்து, யாருக்கு யார் கொடுத்தது, எந்த ஊர்ப் பத்தர் செய்தது, எந்தக் குழந்தைகள் அதில் முதல் சோறு உண்டன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். கையெழுத்து நன்றாயிருக்கும் குழந்தையிடம் அந்த வேலையை ஒப்படைப்பது இன்னும் சிலாக்கியம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாகம் பிரிக்கும் நாள் வரும்போது, எடைக் கணக்கோடு இந்த நோட்டையும் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள்.